அச்சேறாத பாதி: முனைவர் வேதவல்லி

மஞ்சக்குப்பத்தில் என் வீட்டுக்கு அடுத்த மளிகைக் கடையில் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு நின்றபோது கைப்பேசி அடித்தது. முருகையன். முனைவர் வேதவல்லியின் தம்பி. பொங்கலுக்கும், வீட்டில் ஏதாவது விசேஷம் என்றாலும்தான் அவர் என்னைக் கூப்பிடுவார்.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“கடையில நிக்கிறேன். சொல்லுங்க தம்பி.”

“ஒரு எடமா ஒக்காருங்கக்கா.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

“எங்க அக்கா பூட்டாங்கக்கா. பால்காரரு கதவத் தட்டியிருக்காரு, தொறக்கல. பக்கத்து வூட்டுக்காரங்க ஜன்னல் வழியா பாத்தா, நாற்காலியில ஒக்காந்த மேனிக்கே இருக்காங்களாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். நெஞ்சு வலி, ராத்திரியே முடிஞ்சிடுச்சின்னுட்டாங்க.”

கடைக்காரர் பருப்புப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே நின்றார். வாங்க எனக்குக் கை வரவில்லை.

சிதம்பரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் எங்கள் பழைய துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது. யாரோ ஒரு கூட்டப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவரின் தோள் பாதி தெரிந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். “ஆழ்ந்த இரங்கல்” என்று ஒருவர் எழுதியதையே மற்றவர்கள் எடுத்து ஒட்டிக்கொண்டே போனார்கள். நடுவில் ஒருவர் தன் பேரனின் பிறந்தநாள் கேக்கைப் போட்டார். இரங்கல் சொன்ன அதே விரல்கள் அங்கேயும் போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தன. வேதவல்லி யார், என்ன செய்தார் என்று ஒரு வரி எழுத அந்தக் குழுவில் ஒருவரும் இல்லை. எழுதத் தெரியாதவர்கள் அல்ல. எல்லோரும் முனைவர்கள்.

அஞ்சலிக் கட்டுரையில் கோபம் கூடாது என்பார்கள். இதை யார் படிக்கிறார்களோ அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். கோபத்தை எடுத்துவிட்டால் இந்தக் கட்டுரையில் எழுத எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

வேதவல்லி கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் விளைந்த அவர்கள் நிலம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. அதன் பிறகு அவருடைய அப்பா ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நான் கடலூர் முதுநகரில் ஐஸ் ஃபேக்டரித் தொழிலாளி ஒருவரின் மகள். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் ஆய்வு மாணவிகளாக நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வந்து சேர்ந்தோம். அந்த மேசையில் ஒரு பாதி அவருக்கு, ஒரு பாதி எனக்கு. என் பாதியில் எப்போதும் அவருடைய கண்ணாடிக் குடுவைகள் இருக்கும்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் கந்தகம். நேரடியான கந்தகம் அல்ல. பூண்டிலும் சின்ன வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் முட்டையிலும் இருக்கிற கந்தகச் சேர்மங்கள். உடம்புக்குள் போய் அவை என்ன ஆகின்றன, வயதாக ஆக அந்த வேலை எப்படி மந்தமாகிறது என்பதுதான் அவர் கேள்வி.

“கந்தகம்னா எல்லாருக்கும் தீக்குச்சிதான் ஞாபகம் வருது. நம்ம முடியில இருக்கு, நகத்துல இருக்கு, ரத்தத்துல இருக்கு. குளுட்டாதயோன்னு ஒண்ண ஒடம்பு தானே செஞ்சிக்குது ரோசி. துருப்பிடிக்காம பாத்துக்கறதுக்கு. அதுக்கு முக்கியமான சாமானே கந்தகம்தான். வயசான ஒடம்புல அந்தச் சாமான் கொறையுதா, இல்ல செய்யற ஆளுக்கு முடியலியா? அத கண்டுபுடிக்கணும்” என்பார். என் முழுப்பெயர் ரோஸ்லின். ரோசி என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆய்வகத்தில் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி பெரும்பாலும் பழுதாகியே கிடக்கும். நாள் முழுவதும் பூண்டைப் பிழிந்து, காய்ச்சி, வடித்துக்கொண்டிருந்தால் அந்த வாசனை புடவையில் ஏறி, தலைமுடியில் ஏறி, தோலிலேயே தங்கிவிடும். ஒருமுறை இருவரும் அவர் ஊருக்குப் போனோம். விருத்தாசலம் பேருந்தில் எங்களைச் சுற்றி இடம் தானாகக் காலியானது. நடத்துநர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

“யாரும்மா பூண்டு மூட்டய ஏத்துனது? லக்கேஜ் போடணும்.”

“மூட்ட ஏதும் இல்லண்ணே, நான்தான். எனக்கும் லக்கேஜ் போட்டுடுவீங்களா?” என்றார் வேதவல்லி.

பேருந்தே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்போதெல்லாம் அவர் நிறையச் சிரிப்பார்.

படிப்பு முடிந்ததும் அவருக்கு அதே துறையில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. எனக்குக் கடலூரில் ஒரு பெண்கள் கல்லூரி. என் ஆய்வேடு முடியாமல் இருந்ததால் சனிக்கிழமைதோறும் சிதம்பரம் போய் வருவேன். அதனால் அடுத்து நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

முதுமையைப் பற்றி ஆராய வேண்டுமானால் வயதான எலிகள் வேண்டும். ஓர் எலி கிழடு தட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலம் யாரும் காத்திருப்பதில்லை. இளம் எலிக்கு ஏதாவது மருந்தைக் கொடுத்து, முதுமை வந்தது போல் ஆக்கி, சில மாதங்களில் கட்டுரை எழுதிவிடுவார்கள். வேதவல்லி அதைச் செய்யவில்லை. “மேக்கப் போட்ட கெழவன வச்சி வயசப் பத்திப் பேசக் கூடாது” என்று சொல்லிவிட்டு, குட்டிகளாக வாங்கி வளர்க்க ஆரம்பித்தார். தீபாவளி, பொங்கல் எதற்கும் ஊருக்குப் போக மாட்டார். விடுமுறை நாளில் எலிக்குத் தீனி போட ஆள் வராது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு மூன்று இடங்களிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஒன்றும் கூடிவரவில்லை. அதற்காக அவர் வருந்தியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் கேட்காத ஒன்றைப் பற்றி எப்படிச் சொல்வது?

எலிகளை அவர் இரண்டு பிரிவாக வைத்திருந்தார். ஒரு பிரிவுக்கு நிறைவான தீனி. இன்னொரு பிரிவுக்குப் பெரும்பாலும் மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு. இரண்டாவது வரிசைக்கு அவர் வைத்த பெயர் ரசஞ்சோத்துக் கூண்டு. “நம்ம ஊர்ல வயசானவங்க என்னாத்த சாப்புடறாங்க? காலையில பழையது, மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரிக்கி அதுல மிச்சம். பல்லு இல்ல, கறி வேணாம்னுடுவாங்க. பருப்பு செரிக்கலன்னுடுவாங்க. முட்டைய பேரப்புள்ளைக்கிக் குடுத்துடுவாங்க. புத்தகத்துல இருக்கற எலி வேற ரோசி, நம்ம ஊர் எலி வேற.”

இரண்டு பிரிவுக்கும் பூண்டிலிருந்து செறிவாக்கி எடுத்த சாற்றைக் கொடுத்தார். நன்றாகச் சாப்பிட்ட கிழட்டு எலிகளுக்கு அது நல்லது செய்தது. உடம்பில் குளுட்டாதயோன் கூடியது. ரசஞ்சோத்துக் கூண்டிலோ அதே அளவுச் சாறு ரத்தத்தைக் கெடுத்தது. சிவப்பணுக்கள் உடைந்தன. எலிகள் வெளுத்தன, சோர்ந்து மூலையில் ஒடுங்கின. ஒருமுறைக்கு இரண்டு முறை செய்து பார்த்தார். அப்படியேதான் வந்தது.

அந்த நேரத்தில் எங்கள் துறைத்தலைவர் ஒரு மருந்து நிறுவனத்தோடு பேசி முடித்திருந்தார். பூண்டுச் சத்து மாத்திரை. முதியவர்களுக்கானது. அதற்கு அறிவியல் ஆதாரம் என்று காட்ட வேதவல்லியின் ஆய்வு அவருக்குத் தேவைப்பட்டது. அதிலும் முதல் பாதி மட்டும்.

தலைவர் கையெழுத்துக்காக நானும் அன்று அவர் அறையில் நின்றிருந்தேன். அவர் இனிமையாகத்தான் பேசினார்.

“மேடம், அருமையான வேல. மொத செட் ரிசல்ட்ட இப்ப அனுப்பிடுவோம். ரெண்டாவது செட்ட அடுத்த பேப்பர்ல பாத்துக்கலாம். அவசரம் இல்ல.”

“மாத்திர எப்ப சார் கடைக்கி வருது?”

“அது கம்பெனி விஷயம்.”

“பேப்பரு வந்ததும் வந்துடும். அப்பறம் ரெண்டாவது பேப்பர யாரு சார் படிப்பா?”

“இதெல்லாம் எலி மேடம். எலிக்கி வந்தா மனுஷனுக்கு வரணும்னு இருக்கா?”

“அப்ப எலிக்கி நல்லது பண்ணா மட்டும் மனுஷனுக்கும் பண்ணுமா சார்?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேதவல்லி விடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“இந்த மாத்திரைய வாங்கித் திங்கப் போறவங்க எல்லாம் அந்த ரெண்டாவது கூண்டுல இருக்கறவங்கதான் சார். எங்க அம்மா, எங்க சித்தி, எங்க தெருவு பூரா. மொதல் கூண்டு எலி மாதிரி சாப்புடற கெழவிய நம்ம தாலுக்காவுல எனக்கு ஒருத்தரக் காட்டுங்க.”

வெளியே வந்ததும் நான் கொதித்தேன். அவர் என் கையைப் பிடித்து, “மொதல்ல உன் தீசிஸ முடிச்சிக்கிட்டு வெளிய போடி. அப்பறம் கத்தலாம்” என்றார்.

கட்டுரை பாதியாகவே அனுப்பப்பட்டது. அதில் வேதவல்லியின் பெயரும் இருந்தது. முழுதும் போட முடியாதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று அவர் ஆய்விதழுக்கே எழுதினார். எடுத்துவிட்டார்கள். கட்டுரை வெளிவந்தபோது அதில் இருந்த பெயர்கள், அந்த எலிகளுக்கு ஒரு வேளைகூடத் தண்ணீர் மாற்றாதவர்களின் பெயர்கள். அவர் இளமையைக் கொடுத்து வளர்த்த வேலை, அவர் இல்லாமல் உலகத்துக்குப் போனது.

துறையின் பெயரைக் கெடுத்தார் என்று விசாரணைக் குழு அமைத்தார்கள். நான் போய் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். டீ கொடுத்தார்கள். அனுப்பிவிட்டார்கள். அறிக்கையில் என் வாக்குமூலம் இல்லை என்று பிறகு தெரிந்தது. வேதவல்லிக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அந்த முறையும் வரவில்லை, அடுத்த முறையும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய அப்பா இறந்தார். காரியம் முடியும்வரை அவர் ஊரில் இருந்தார். எலிகளைப் பார்த்துக்கொள்ள உதவியாளர் ஒருவரிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். திரும்பி வந்த அன்று சனிக்கிழமை. இருவரும் சேர்ந்தே விலங்குக் கூடத்துக்குப் போனோம். கூண்டுகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தரையில் பினாயில் வாசனை.

“எலிங்க எங்க?” என்று கேட்டார்.

உதவியாளர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. “எடம் வேணும்னு மேலருந்து சொல்லிட்டாங்கம்மா. நான் என்னா பண்றது?”

மூன்றாம் முறையாக, எவரும் குறை சொல்ல முடியாதபடி செய்து காட்டுவதற்கென்று அவர் வளர்த்து வந்த எலிகள் அவை. அவற்றுக்கு அப்போதுதான் சரியான வயது ஆகியிருந்தது. அவர் அழவில்லை. ஒரு கூண்டை நிமிர்த்தினார். கம்பியில் ஒட்டியிருந்த வைக்கோல் துண்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். “வா, காப்பி குடிக்கலாம்” என்றார். காப்பிக் கடையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். அப்பாவின் கடைசி நாள்களைப் பற்றிப் பேசினார். எலிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அவர் எலி வளர்க்கவே இல்லை.

அச்சேறாத அந்தப் பாதியை இங்கே எழுதிவிடுகிறேன். குழம்பில் போடும் பூண்டைப் பற்றி அல்ல, செறிவாக்கிய சாற்றைப் பற்றி. புரதம் போதாமல் வாழ்கிற வயதான உடம்புக்கு அது மருந்தாகாமல் கேடாகலாம், ரத்தத்தைச் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது. இதைத் தன் எலிகளில் கண்டு, தெரிந்த நாள் முதல் சொல்லிவந்தவர் முனைவர் வேதவல்லி. பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தை எழுத இத்தனை ஆண்டுகள் போதவில்லை.

மாத்திரை வந்தது. நன்றாக விற்றது. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய விளம்பரப் பலகை. அதில் வெள்ளைக் கோட்டோடு துறைத்தலைவர், பக்கத்தில் சிரிக்கிற ஒரு தாத்தாவும் பாட்டியும். வேதவல்லி தினமும் அதன் கீழே நின்றுதான் ஷேர் ஆட்டோ ஏறுவார். “அந்தப் பாட்டிக்கி பல்லு எவ்ளோ வரிசையா இருக்கு பாத்தியா? ஒரு நாளும் ரசஞ்சோறு தின்னிருக்காது” என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பழைய சிரிப்பு இல்லை. ஓய்வு பெறும்வரை அவருக்கு ஆராய்ச்சி மாணவர் ஒருவரையும் ஒதுக்கவில்லை. முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தார். சோதனைக் குழாயைத் தீயில் எப்படிப் பிடிப்பது என்று ஆண்டுக்கு ஆண்டு சொல்லிக்கொடுத்தார்.

கடலூரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதுண்டு. அவரும் என்னோடு வர ஆரம்பித்தார். முதல் நாளே சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்த்தார். சோறு, ரசம், ஒரு கூட்டு. அலமாரியில் அந்த மாத்திரைப் பெட்டிகள் அடுக்கி இருந்தன. நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்தது. எல்லோருக்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

பொறுப்பாளர் கெட்டவர் இல்லை. அவரோடு வேதவல்லி பலமுறை பேசினார்.

“சார், இத நிறுத்திட்டு ஆளுக்கு ஒரு முட்ட குடுங்க. வேணாங்கறவங்களுக்குக் கெட்டியா பருப்பு. இவுங்களுக்கு வேண்டிய கந்தகம் எல்லாம் அதுலயே இருக்கு.”

“நீங்க சொல்றது சரிங்க மேடம். ஆனா முட்டைக்கி யாரு டொனேஷன் தர்றா? மாத்திரைன்னா பெரிய மனுஷங்க வந்து குடுத்து போட்டோ எடுத்துப் போடறாங்க. முட்டையக் கையில புடிச்சிக்கிட்டு யாரு போட்டோவுக்கு நிப்பா?”

அதன் பிறகு ஞாயிறுதோறும் வேதவல்லியே சிதம்பரத்திலிருந்து முட்டை வாங்கி வந்தார். நொறுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வருவார். வாரத்தில் ஒரு நாள் முட்டையால் என்ன ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அங்கே தனபாக்கியம் என்று ஒரு அம்மா இருந்தார். நாற்று நட்டே முதுகு வளைந்தவர். நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தார். வேதவல்லி அவர் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார்.

“ஏம்மா, மாத்தர நல்லதுன்னு அந்தப் பெரிய மனுசரு படத்துல சொல்றாரு. வேணாம்னு நீ சொல்ற. நான் யாரு பேச்சக் கேக்கறது?” என்றார் தனபாக்கியம்.

“ஒங்களுக்கு எப்பிடி இருக்குது, அதச் சொல்லுங்க.”

“படி ஏறுனா மூச்சு வாங்குது. கண்ண இருட்டிக்கினு வருது.”

அந்த ஆண்டு முதியோர் நாள் விழாவுக்கு அந்த இல்லத்துக்கே துறைத்தலைவர் சிறப்பு விருந்தினராக வந்தார். அதற்குள் அவர் இன்னும் பெரிய பதவிக்குப் போயிருந்தார். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். வேதவல்லி எழுந்தார்.

“ஐயா, இங்க மாத்திர சாப்புடறவங்களுக்கு ஒரே ஒரு தரம் ரத்தப் பரிசோதன பண்ணிப் பாக்க ஏற்பாடு செய்வீங்களா? செலவ நான் பாத்துக்கறேன்.”

அவர் மேடையிலிருந்து சிரித்தார். “மேடம் நம்ம பழைய ஸ்டாஃப்தான். ரொம்ப எமோஷனல்.” கூட்டமும் சிரித்தது. ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளின் நடனம் ஆரம்பித்தது. அடுத்த வாரம் பொறுப்பாளர் எனக்குப் போன் செய்தார். “நீங்க வாங்கம்மா. அந்த மேடம் மட்டும் வேணாம். மேல சங்கடப்படறாங்க.” நானும் அதோடு போவதை நிறுத்திக்கொண்டேன்.

சில மாதங்களில் தனபாக்கியம் இறந்தார் என்று கேள்விப்பட்டோம். செய்தித்தாளுக்குப் போகலாம், அந்த ஆளின் முகமூடியைக் கிழிக்கலாம் என்று நான் குதித்தேன். வேதவல்லி தலையசைத்து மறுத்தார்.

“மாத்திரையாலதான் போச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும் ரோசி? ரத்தம் எடுத்துப் பாக்கவே வுடலியே. வயசு, சாப்பாடு, வேற நோவு, எதுவா வேணா இருக்கலாம்.”

“அவுங்க பொய் சொல்லிக் கோடி கோடியா விக்கறாங்க. நீ உண்மையச் சொல்றதுக்கே இவ்ளோ யோசிக்கிறியே!”

“எனக்குத் தெரியாதத தெரியும்னு சொன்னா, அப்பறம் அவருக்கும் எனக்கும் என்னாடி வித்தியாசம்?”

அன்று எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இப்போதும் அந்தக் கோபம் முழுதாகத் தீரவில்லை. நேர்மையாக இருப்பவர் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் தேட வேண்டும், மற்றவர்கள் பலகை வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம் என்றால் இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள்?

மாத்திரை பிறகு சந்தையை விட்டே போய்விட்டது. அதனால் கெடுதல் என்று யாரும் நிறுத்தவில்லை. வேறு நிறுவனத்தின் வேறு மாத்திரை வந்தது, இதை வாங்குவதை விட்டார்கள், அவ்வளவுதான். வேதவல்லி ஓய்வு பெற்ற பின், முருகையனின் மகள் சிதம்பரத்துக்கு அவர் வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன். அவள் கையில் ஏதோ ஓர் அழகு நிலையத்தின் விளம்பரத் தாள்.

“அத்த, குளுட்டாதயோன்னு போட்டிருக்கான். நீங்க இதத்தான ஆராய்ச்சி பண்ணீங்க? இந்த ஊசி போட்டா வெள்ளையாயிடலாமாம். எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி போட்டு வுடுங்கத்த.”

வேதவல்லி அந்தத் தாளை வாங்கிப் படித்தார். சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, “ஒனக்கு எதுக்குடி வெள்ள? ஒழுங்கா ரெண்டு வேள முட்ட தின்னு, முடி கொட்டாம இருக்கும்” என்றார். அந்தப் பெண் ஏமாற்றத்தோடு எழுந்து போனாள்.

நான் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டி தயாராக இருந்தது. கூடவே போனேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை அதற்குள் கட்டிவிட்டார்கள். மேலே கட்சித் தலைவர்கள், நடுவில் வேதவல்லி, அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு முருகையனின் மகன் பக்கத்தில் வந்தான். “டாக்டர் வேதவல்லின்னு எழுதச் சொன்னேன் அத்த. பிளக்ஸ் கடக்காரன் அவனே போட்டு வுட்டுட்டான்.” ஊரில் பலர் அதுநாள்வரை அவரை ஊசி போடும் டாக்டர் என்றே நினைத்திருந்தார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

துறையிலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் காதுபடவே, “வயசாகறதப் பத்தி ஆராய்ச்சி பண்ணவங்க, அறுபத்தாறுலயே போயிட்டாங்களே” என்றார். பக்கத்தில் இருந்தவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். வேதவல்லியின் வீட்டில் துணைக்கு ஒருவர் இல்லை, மாரடைப்பு வந்தபோது கூப்பிட ஆள் இல்லை என்பதைப் பற்றி அவர்கள் ஆராயவில்லை.

பிறகு ஒரு கார் வந்தது. முன்னாள் துறைத்தலைவர். எண்பதைத் தொட்டிருப்பார். நல்ல திடமாக இருந்தார். ரோஜா மாலை போட்டார். யாரும் கேட்காமலே பந்தலில் நின்று பேசவும் செய்தார்.

“வேதவல்லி எனக்குத் தங்கச்சி மாதிரி. நாங்க ரெண்டு பேரும் சேந்து செஞ்ச பூண்டு ஆராய்ச்சி இன்னிக்கும் வெளிநாட்டுலல்லாம் பேசப்படுது...”

நான் எழுந்தேன். 

“சார், அந்தக் கட்டுரையில அவுங்க பேரே இல்ல.”

 அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? சாவு வூட்ல...”

“இப்ப வுட்டா எப்ப சார்? நீங்களே சொல்லுங்க, அவுங்க பேரு ஏன் இல்லன்னு.”

அவர் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கூட வந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார். வேனில் வந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். 

முருகையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. “அக்கா, ஒண்ணு கேக்கறேன். எங்க அக்கா அங்க என்னா வேலதான் பாத்துச்சு? நாங்க கேட்டா, எலிக்கித் தீனி போடறேன்னு சொல்லிச் சிரிக்கும். அந்த ஆளு கூட என்னா சண்ட?”

சொன்னேன். இரண்டு வகைத் தீனி, பாதிக் கட்டுரை, எடுத்த பெயர், அப்பாவின் காரியத்துக்கு வந்திருந்தபோது அழிந்த எலிகள், எல்லாவற்றையும் அவருக்குப் புரியும்படி சொன்னேன். சுற்றி இருந்த பெண்களும் ஒப்பாரியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் முருகையன் என் பக்கம் திரும்பினார்.

“அப்பா காரியத்தப்பவா? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேக்கா. சொல்லியிருந்தா நாலு பேரு போய்க் கேட்டிருப்போமே” என்றார். தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார்.

மேளம் நெருங்கி வந்தது. தூக்கினார்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நானும் நின்றேன். சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண் அங்கே மலை போல் எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்துச் சாலையில் ஊர்வலம் போனது. ஆள்கள் சிறுத்துக்கொண்டே போனார்கள். கொஞ்ச நேரத்தில் மாலையின் நிறம்கூடத் தெரியவில்லை.

சாவு வீட்டில் யாரிடமும் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்லாமல்தான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.

வேதா, உன்னை வழியனுப்பவும் என் வாயில் ‘போய் வா’ என்றுதான் வந்தது. விழுங்கிக்கொண்டேன். மறுபடி இங்கே எதற்கு வர வேண்டும்? யாருக்காக வர வேண்டும்? போ. திரும்பிப் பார்க்காமல் போ.